சூடில்லாத அறையில் எட்டு மணி நேரம்

நம் மகன் தேஹோவின் அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? கடலில் இறங்கும்போது தடித்த காலுறை போடுங்கள். நான் நலம்.

இங்கே பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. நம் கொரிய ஆசிரியர்கள் எல்லாரும் வீட்டில். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த தென்னாப்பிரிக்கப் பெண் லெராட்டோ மட்டும், பாடமே இல்லாமல், தினம் எட்டு மணி நேரம் காலி அறையில் உட்கார வேண்டுமாம். ஒரே ஆள்தானே என்று அந்த அறையின் வெப்பமூட்டியையும் நிறுத்திவிட்டார்கள். தரை துடைக்கப் போனால், மேலங்கிக்குள் நடுங்கிக்கொண்டு இருமுகிறாள்.

"காய்ச்சல் பெரியம்மா. லீவு கேட்டா மூஞ்சியச் சுளிக்கிறாங்க" என்றாள்.

கனடாவில் இருக்கும் நம் பேத்தியை யாராவது இப்படி உட்கார வைத்தால் சும்மா இருப்போமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே துணைத் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் அறை மட்டும் கதகதப்பாக இருந்தது.

"ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு பாட்டி. நீங்க தரையப் பாருங்க" என்றார்.

லெராட்டோவையும் கூட்டிக்கொண்டு, அவள் நாற்காலியைத் தூக்கி வந்து அவர் மேசைக்கு எதிரே போட்டேன்.

"உட்காரணும்னுதானே இருக்கு, எந்த ரூம்னும் இருக்கா? நீ உட்காரும்மா."

மறுநாள் அவள் அறைக்கு வெப்பம் வந்துவிட்டது.

அலமாரியிலுள்ள, சூடாகும் மின்சார விரிப்பை அனுப்புங்கள், அவளுக்குத்தான். எனக்கு நீங்கள் காயவைத்த கடற்பாசி போதும். தனியாகச் சாப்பிடும்போது அதுதான் தொண்டையில் இறங்குகிறது.

மார்ச்சில் என் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடவேண்டியவரும் அந்தத் துணைத் தலைமையாசிரியர்தான். எதற்கும் அங்கே வீட்டில் என் மெத்தையை வெயிலில் போட்டு வையுங்கள்.

நிறுத்தத்தில்தான் எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மால்சுன்