ஒப்படைத்த வழக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் பெண்ணும் உயிரோடு இருக்கிறோம், அதற்கே ஆண்டவனுக்குக் கோடி நன்றி. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் மூட்டுவலிக்கு ஒரே டாக்டரைப் பார். ஆளாளுக்குச் சொல்கிற டாக்டரையெல்லாம் பார்த்துக்கொண்டு அலையாதே.

போனில் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி உனக்குச் சொன்னது அவன் ஜோடித்த கதை.

எங்கள் சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ரோலர் என்றால் கொதிக்கக் கொதிக்கச் சுற்றுகிற பெரிய உருளை. விரிப்பு இந்தப் பக்கம் ஈரமாகப் போய் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் அந்தக் கம்பிக்குக் கையும் ஒன்றுதான், துணி மடிப்பும் ஒன்றுதான். மடிப்பு பட்டாலும் நிற்கும். அதனால் வேலை குவிகிற நாட்களில் கிழிந்த விரிப்பின் கரையைக் கயிறுபோல் கிழித்து, அந்தக் கம்பியைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். எல்லா ஷிப்டிலும் இதுதான் பழக்கம். எங்கள் ஷிப்டில் கட்டுகிறவர் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் நம் தம்பி.

அன்றைக்கும் அவன்தான் கட்டினான். நான் பின்னால் மடிக்கிற மேசையில் நின்றிருந்தேன். அதே ஷிப்டில் வேலை செய்கிற என் பெண், முன்னால் ரோலருக்கு விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் முனை அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது. அவள் கத்திய கத்தலை நான் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. வலது கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வயசு அக்கா அவளுக்கு.

தம்பி அப்போது என்ன செய்தான் தெரியுமா? ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தத் துணிக்கரையை அவிழ்த்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விசாரணைக்கு அதிகாரி வந்தார். "கம்பியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார், பொண்ணுதான் பராக்கு பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்று அவரிடம் தம்பி சொன்னான். தகப்பன் இல்லாத பெண் என்று தோளில் தூக்கி வளர்த்தவன் சொன்னான். மற்றவர்கள் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். நான் சொன்னதற்கு, பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று அந்த அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார். அந்த இரக்கத்துக்கே அவரை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. நான் போகிற பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் நடந்து போக்கிடம் இல்லாதவர்கள் கூடத்தின் நடுவில் போய் நின்று, "என் வழக்கை ஆண்டவனிடம் ஒப்படைக்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லலாம். சொன்ன பிறகு புலம்பக் கூடாது, கோர்ட்டுக்குப் போகக் கூடாது, எதிராளியைத் திட்டவும் கூடாது. வாரா வாரம் வந்து முழு மனசோடு, முழுத் தொண்டையோடு ஆண்டவனைப் போற்றிப் பாட வேண்டும். தீர்ப்பை அவன் பார்த்துக்கொள்வான். ஒப்படைத்தவள் மனசு இரங்கி, அதே இடத்தில் நின்று "திரும்ப வாங்கிக்கொண்டேன்" என்று சொன்னால்தான் வழக்கு முடியும். வேறு யாரும் முடிக்க முடியாது. முன்பு ஒரு தையல்காரர் தன் கூட்டாளிமேல் ஒப்படைத்தார். கூட்டாளிக்குக் கண் போயிற்று. அதிலிருந்து யாரும் லேசில் அந்த நடுவிடத்துக்குப் போவதில்லை.

நான் போனேன். தம்பியும் அவன் மனைவியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அந்தக் கூடத்துக்கு முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லிவிட்டுப் பாடினேன். எங்கள் பாட்டுக்காரர் எப்போதும் ஊருக்கே கேட்கிறாற்போல் உச்சத்தில்தான் ஆரம்பிப்பார், நாங்கள் பின்னால் மூச்சு வாங்குவோம். அன்றைக்கு அவரே திரும்பி என்னைப் பார்த்தார்.

நீ கவலைப்படாதே. நான் திடமாக இருக்கிறேன். ஆண்டவன் நீதிமான்.

உன் தங்கை.

*

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மூட்டுவலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த இரண்டு பக்கமும் சந்தோஷமாக இல்லை. தம்பி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லையாம், சோறு இறங்கவில்லையாம், நான் மனசு வைக்க வேண்டுமாம். ஏன் அக்கா, என் பெண் இடது கையால் சோற்றைப் பிசையத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு சாப்பிடுகிறாளே, அதற்கு நீ எத்தனை பக்கம் எழுதினாய்?

சரி, கோபப்படவில்லை. கோபப்படக் கூடாது என்பது விதி.

தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்தேன். நான் முறை தவறவில்லை. அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். "போலீசுல சொல்லுக்கா. கேசு போடு. ஜெயிலுக்கு வேணா போறேன். இது மட்டும் வேணாங்க்கா" என்றான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு உன்மேல் ஒரு வருத்தமும் இல்லையடா, வழக்கு இப்போது என்னிடம் இல்லை, ஆண்டவனிடம் போய் நில் என்று சொன்னேன். சொல்லும்போது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா! வெந்த புண்ணில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது, அவனே உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். அவன் தானாகவே அந்த அதிகாரியிடம் போய், கம்பியைக் கட்டியது நான், அவிழ்த்தது நான், சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். ஆலையில் சூப்பர்வைசர் வேலை போயிற்று. கேசு நடக்கப் போகிறது. கம்பியைக் கட்டக் கூடாது என்று இப்போது ஆலை முழுக்க எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கூடத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, ஆண்டவன் வேலையை ஆரம்பித்துவிட்டான், இனி நீ மனசு இரங்கலாம் என்றார்கள். நான் சிரித்தேன். அது மனுஷன் கொடுத்த தண்டனை. ஆண்டவனுடையது இன்னும் வரவில்லையே.

நம் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். புண் ஆறிவிட்டது. இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்கிறாள், எங்கே தடவிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் தலை பின்னிவிடுகிறேன். பின்னும்போது ஒரு நாள், "மாமாதான் ஒத்துக்கிட்டாருல்ல, போதும்மா" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு என்று அதட்டினேன். அவள் சும்மா இருக்கிற ரகமா? "கை போனது எனக்கு. ஒப்படைச்சது நீ" என்றாள். பின்னலை இறுக்கிப் பிடித்து இழுத்துவிட்டேன் அக்கா. வலித்திருக்கும்.

தம்பி மனைவியும் வந்தாள். ஏழு மாதம். எத்தனை வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கித் தரித்த பிள்ளை என்று உனக்கே தெரியும். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "பாவம் பண்ணது அவரு அண்ணி. வயித்துல இருக்கிறது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். நான் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். குழந்தையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே அம்மா, நீயாக ஏன் நினைக்கிறாய் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட ஆரம்பித்தேன். நீதி தவறாதவனே, உன் தராசு சாயாது என்று போகும் அந்தப் பாட்டு, நல்ல பாட்டு. முழுதும் பாடி முடிக்கும்வரை அவளை எழுந்து போக விடவில்லை.

இனி இதைப் பற்றி எழுதாதே. நீ மூன்று தரம் சொன்னால் நான் கேட்டுவிடுவேன், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் சொல்லாதே.

அத்தானுக்கு வணக்கம். ஆண்டவன் நீதிமான்.

உன் தங்கை.

*

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குச் சேதி வந்திருக்கும். தம்பிக்குப் பெண் குழந்தை. நாள் தள்ளிப்போய், வலி எடுத்தும் இறங்காமல், கடைசியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் தம்பி தரையில் விழுந்து கிடந்தானாம். கூடத்துக்காரர்கள் போய்த் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள்.

சேதி கேட்டதும் நம் பெண் கிளம்பிவிட்டாள். நீ வராவிட்டால் போ என்று ஒற்றைக் கையால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நானும் போனேன். ஏன் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன், அத்தை இல்லையா, பார்க்காமல் இருக்கலாமா என்று. நல்ல காரணம்தான். யாரிடமும் சொல்லலாம்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. தம்பி எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். குழந்தையைக் கழுத்துவரை துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், முகம் மட்டும்தான் தெரிந்தது. நம் அம்மா மூக்கு அக்கா, அப்படியே உரித்து வைத்தாற்போல். நான் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, மெதுவாகத் துணியை அவிழ்த்து, குழந்தையின் இரண்டு கையையும் வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள். "எண்ணிப் பாத்துக்கோங்க அண்ணி" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆண்டவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. வயிற்றில் சுமந்துகொண்டே, வாரா வாரம் என் பாட்டை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

நான் எண்ணினேன் அக்கா. பத்தும் இருந்தன. எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சந்தோஷம் வரவில்லை. வெட்கம்கூட அப்போது வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அந்தப் பிஞ்சு விரல்களைப் பார்த்து, சே, என்று இருந்தது.

நம் பெண் சட்டென்று என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். குறைக்கையை அடியில் முட்டுக்கொடுத்து, இடது கையால் அணைத்துக்கொண்டாள். கீழே போட்டுவிடுவாளோ என்று எல்லோருக்கும் பதைத்தது, பெற்றவள் மட்டும் பதறவில்லை. என் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

நீ கேட்டபடியே செய்யலாம் என்று இந்த வாரம் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்ப வாங்கிக்கொண்டேன் என்பது இரண்டே வார்த்தை. வாய் திறந்தேன், பாட்டுதான் வந்தது. முழுத் தொண்டையோடு பாடினேன். கேட்டவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எப்பேர்ப்பட்ட பக்தி என்று. குழந்தை இன்னும் நடக்க வேண்டும், ஓட வேண்டும், வளர வேண்டும், ஆண்டவனுக்கு எத்தனையோ நேரம் இருக்கிறது என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே பாடியது. நிறுத்தத் தெரியவில்லை அக்கா. அழுது பார்த்தேன், நிற்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்து நீ அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள். தினமும் வேண்டிக்கொள். நான் கேட்பதற்கு நேர் எதிராகக் கேள். என் பாட்டை ஆண்டவன் காதில் விழாமல் செய். வேண்டிக்கொண்டதை எனக்கு எழுதிவிடாதே, தெரிந்தால் நான் இன்னும் உரக்கப் பாடுவேன். சின்ன வயசில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அம்மா உன்னிடம்தான் முதலில் வருவாள். அதற்காக உன்னை எவ்வளவோ நாள் வெறுத்திருக்கிறேன். இப்போது அதை நம்பித்தான் இருக்கிறேன். நீ மூத்தவள், சத்தமாகக் கேள்.

குழந்தை நன்றாக இருக்கட்டும் என்று இங்கே எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீ எழுதிக்கொள்.

உன் தங்கை.