கம்பத்துக்கு வைத்த பொட்டு

என் அருமை அத்தை,

மாமா குளித்துவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருக்கிறார். நிலைக்கண்ணாடியைப் பார்த்துச் சீவுங்கள் என்றால் கேட்பதில்லை. படத்தின் கண்ணாடியிலேயே முகம் தெரிகிறதாம். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எதற்கு?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க மாமாவ மூலையில உக்கார வச்சிடாதடி. நாலு எடம் போய்வந்தாதான் அவுரு அவுரா இருப்பாரு." சரி என்றேன். அந்தச் 'சரி'க்கு இவ்வளவு சீக்கிரம் சோதனை வரும் என்று நினைக்கவில்லை.

போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் இடப்பக்கம் திரும்பும்போது மாமா விழுந்துவிட்டார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் உங்கள் மகன் பயந்துவிட்டார். "இனிமே தனியா எங்கியும் போகவேணாம்பா. வேணுங்கறத சொல்லு, நான் வாங்கியாறேன்" என்று முடித்துவிட்டார். மாமா டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். கிரிக்கெட் பார்த்தார், பட்டிமன்றம் பார்த்தார். சமையல் நிகழ்ச்சியும் பார்க்க ஆரம்பித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் சிதம்பரம் வேலையைப் பற்றி யார் கேட்டாலும், "கெழங்கட்டைங்கள நடக்கவச்சி வேடிக்க பாக்குறா" என்பீர்களே, அந்த வேலைதான் கைகொடுக்கும் என்று தோன்றியது. வயதாக ஆக உடம்பு எப்படி மாறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. இடுப்பிலும் கணுக்காலிலும் சின்னச் சென்சார் கட்டுவோம். நேராக நடந்து, ஒரு கம்பத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஒருமுறை வலப்பக்கமாக, ஒருமுறை இடப்பக்கமாக. நேராக நடக்கும்போது தெரியாத வயது திரும்பும்போது தெரிந்துவிடும். "டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். அதுல சரியா வரலன்னா நீங்க சொல்றபடியே வச்சிக்கலாம்" என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டு மாமாவை ரயிலில் அழைத்துப்போனேன்.

வலப்பக்கம் அழகாகத் திரும்பினார். இடப்பக்கம் என்றதும் கம்பத்துக்கு அருகில் போய் நின்றுவிட்டார். காலை எடுத்தார், பின்னுக்கு வைத்தார். மறுபடி சொன்னேன், மறுபடியும் அதேதான். கடைத்தெருவில் விழுந்ததும் இடப்பக்கம் திரும்பும்போதுதானே? நரம்புக் கோளாறோ? இனி டிவிதானோ? உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

சென்சாரை அவிழ்த்துக்கொண்டே, "எடது கால் வலிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"காலு நல்லாத்தான் கீது. மனசுதான் வரல" என்றார். "சந்தனம் குங்குமம் வச்சி, பூ சுத்தி வச்சிருக்கீங்க. அதப் போயி எடமா சுத்தச் சொல்றியே, கலை? படிச்ச பொண்ணு சொல்லுது, இன்னா காரணமோன்னு பேசாம இருந்தேன்."

அப்போதுதான் கம்பத்தைப் பார்த்தேன். முந்தின வாரத்து ஆயுத பூஜைப் பொட்டு. வைத்தவள் நான்தான். மிக்ஸி, கேஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்க என்னைப் பழக்கியது யார்? கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்த கை கம்பத்தை மட்டும் விடுமா? இந்தக் கூத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு அத்தை.

கம்பத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன்.

"இத சுத்தலாமா?"

"இத எப்புடி வேணா சுத்தலாம்."

இடப்பக்கமாகத் திரும்பினார். வலப்பக்கம் எப்படியோ அப்படியே. முன்பு போலச் சட்டென்று இல்லை, சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புகிறார். அந்த வயதில் உடம்பு தன்னைத்தானே ஜாக்கிரதைப்படுத்திக்கொள்கிற விதம் அது. அவசரப்படுத்தினால்தான் வம்பு. கடைத்தெருவில் விழுந்த அன்றைக்கும், பின்னால் பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடித்ததில் வெடுக்கென்று திரும்பினாராம்; மாமா அப்போதுதான் சொன்னார்.

"இத ஏன் மாமா அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

விழுந்ததும் நாங்கள் கேட்டதெல்லாம் எங்கே அடிபட்டது என்பதுதான்.

டாக்டரிடமும் காட்டினோம். தாராளமாக நடக்கட்டும், கையில் ஒரு கோல் இருந்தால் நல்லது என்றார். கைத்தடியை மாமா தொடவே இல்லை. உங்கள் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டார். நேற்றுத் தனியாகப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்தார். அவர் வரும்வரை உங்கள் மகன் போனைப் பார்ப்பதுபோல வாசலிலேயே நின்றார். பொட்டு வைத்த கம்பத்தைச் சுற்றிய மற்ற பெரியவர்களையும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்; அவர்களில் யார் யாருக்கு இடமாகச் சுற்ற மனசு வரவில்லையோ!

இதோ, இன்றைக்கும் குடையை எடுத்துவிட்டார். அன்று சொன்ன 'சரி'யை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன் அத்தை. மாமாவை மூலையில் உட்காரவைக்க மாட்டேன். அவர் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பின்னால் நின்று ஹாரன் அடிக்க மாட்டேன். உங்கள் மகனையும் அடிக்க விடமாட்டேன்.

கண்டதற்கெல்லாம் பொட்டு வைக்கும்
உங்கள் மருமகள்,
கலைவாணி