நண்டரசன் கப்பலைப் பற்றி அம்முவின் அபிப்பிராயம்

மட்டாஞ்சேரி,
ஞாயிறு காலை.

குவைத் தேசத்தின் ஓர் அடுப்படியைத் தனியொருத்தியாக ஆண்டுவரும் என் அக்கா மகாவுக்கு, மேற்குக் கொச்சியின் குப்பை லாரிகள் அனைத்துக்கும் ஏகச் சக்கரவர்த்தியும், சொந்த வீட்டில் மனைவி மஞ்சுஷாவிடம் தினமும் மூன்று வேளை தோற்பவனுமாகிய தம்பி இசக்கிதுரை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உன் குரலைக் கேட்டு இன்றோடு எழுபத்துமூன்று நாள். உன் போன் அணைந்தே கிடக்கிறது. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சுள்ளிக்கல் மாயம்மாள் அத்தையின் மருமகன் வெங்கிடேஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் சமைக்கிற ஓட்டலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நீ வேலை பார்க்கிற வீடாம். கடிதத்தோடு நேந்திரங்காய் வறுவல் கால் கிலோ கொடுத்துவிட்டிருக்கிறேன். வாங்கியது அரை கிலோ. மீதி என்ன ஆயிற்று என்று மஞ்சுஷாவிடம் கேட்காதே.

இங்கே மழை. நம் சந்தில் தண்ணீர் ஏறியதில் வைப்பின் படகு வழி தப்பி நம் வாசலுக்கே வந்து, காளியம்மை டீச்சரை ஏற்றிக்கொண்டு போயிற்று. சரி, கணுக்கால் அளவு என்று வைத்துக்கொள். மஞ்சுஷாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. என் லாரிக்குப் புது ஹாரன் போட்டார்கள். அதை அடித்தால் வல்லார்பாடத்தில் நிற்கிற கப்பல்கள் பதில் கொடுக்கின்றன. உன் மகள் அம்மு இரண்டு விரல் உயரம் வளர்ந்துவிட்டாள். யூனிபார்ம் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டோம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கணக்கில் முதல். ஆனால் என்னோடு பேசுவதில்லை. நாலு நாளாகிறது.

ஏன் என்று சொல்கிறேன். குற்றம் என்னுடையது.

நம் வார்டு வாசகசாலையில் மாதம் ஒரு புத்தகம் வைத்து வாசகர் கூட்டம் நடத்துகிறார்கள். பிள்ளைகள், பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வாசித்துவிட்டு வந்து அபிப்பிராயம் சொல்லலாம். இந்த மாதம் ‘நண்டரசன் கப்பல்’. தமிழில் எழுதி, மலையாளத்துக்குப் போய், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஐம்பது வருடமாகக் கிழியக் கிழிய வாசிக்கிற கதை. வாசகசாலையில் மலையாளப் பிரதி நாலுதான், பிள்ளைகளோ முப்பது. நமக்கு எதற்கு மொழிபெயர்ப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழ்ச் சங்கத்து அலமாரியிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அம்முவுக்குத் தமிழ் வாயில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி என்கிறாள். ஆகவே நான் வாசித்தேன், அவள் கேட்டாள். பதினோரு சாயங்காலம்.

நீ தென்காசியில் ஐந்தாவது வரை தமிழும் அப்புறம் இங்கே மலையாளமும் படித்தவள், கதை தெரிந்திருக்கும். மறந்திருந்தால் சொல்கிறேன். பூவி என்று ஒரு சிறுமி. அவள் அம்மா நண்டரசனின் கப்பலுக்குச் சமையல்காரியாகப் போகிறாள். அந்தக் கப்பலின் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்குக் கரை மறந்துபோகும். பூவி ஒரு குடையைக் கவிழ்த்து, அதில் உட்கார்ந்து கடலைக் கடந்து அம்மாவைத் தேடிப் போகிறாள்.

உன் தம்பி வாசித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். புத்தகத்தில் நண்டரசனுக்குப் பத்துக் கால். நான் நாற்பது கொடுத்தேன். கப்பலை மறிக்க வல்லார்பாடத்திலிருந்து கிரேன்களைக் கடலுக்குள் நடத்திக்கொண்டு போனேன். ஒரு அத்தியாயத்தில் என் லாரியும் வந்தது. அம்மு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் கடைசி அத்தியாயம் வந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டு வாய் திறக்குமுன் கண்ணை ஓட்டினேன். பூவி கப்பல் அடுப்படியின் வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா என்று கூப்பிடுகிறாள். அம்மா அகப்பையால் துழாவிக்கொண்டே இருக்கிறாள், திரும்பவில்லை. பூவி தனியாகக் கரைக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் கதையை இப்படி முடிக்க அந்த ஆளுக்கு எப்படி மனசு வந்ததோ. எதிரே உன் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “பின்னே? பின்னே என்னாச்சு மாமா?” என்கிறாள்.

நான் முடிவை மாற்றிவிட்டேன் அக்கா. அம்மா திரும்பிப் பார்த்தாள். நண்டரசன் மண்டையில் அகப்பையால் ஒன்று போட்டாள். கடலில் குதித்து அந்த அகப்பையையே துடுப்பாகப் போட்டுத் துழாவி, ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் வந்து ஏறி, பூவியைப் பார்த்து முதல் வார்த்தையாக “சாப்பிட்டியாடி?” என்று கேட்டாள். அம்மு அந்த இடத்தை மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னாள். இல்லாததை மூன்று தடவையும் ஒரே மாதிரி வாசித்தேன், பார்த்துக்கொள்.

பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டேன். காலையில் மலையாளத்தில் சாயா குடித்து, பகலெல்லாம் மலையாளத்தில் சண்டை போடுகிறவன் நான். இதே கதையை மலையாளத்தில் முப்பது பேர் வாசித்துக்கொண்டிருப்பது என் புத்திக்கு எட்டவில்லை.

போன ஞாயிறு கூட்டம். ஒரு பொடியன் எழுந்து, நண்டரசன் நல்லவன், எல்லாருக்கும் சோறு போடுறான், கப்பலில் பள்ளிக்கூடமும் கிடையாது என்றான். எல்லோரும் சிரித்தோம். காளியம்மை டீச்சர் எழுந்து, “இது குட்டிகளுக்குக் கொடுக்கிற புஸ்தகமா? நான் வாசிச்சு ரெண்டு நாளு சோறு எறங்கல்ல” என்றார். அதற்குப் பிறகு ஆட்டோக்காரர் ஜிதின். தாடியைத் தடவிக்கொண்டு, “எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கல்ல கேட்டோ. பெத்த பிள்ளையை விட்டுட்டு எதுக்குப் போகணும்? ஒரு சுகம் கண்டிருக்கும், அதான் திரும்பிப் பார்க்கல்ல” என்றார். மாயம்மாள் அத்தை மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவள், உட்காரக்கூட இல்லை. “சுகமா? கப்பல் அடுப்பிலே நின்னு பாருடா, சுகம் தெரியும். ஒன் அம்மா ஒனக்கு இத்தனை வருஷம் பொங்கிப் போட்டது சுகத்துக்கா?” என்றாள். அதன் பிறகு ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். போகவே கூடாது என்று சிலர், பிழைப்புக்குப் போனவளைக் குற்றம் சொல்லாதே என்று சிலர். அத்தனை பேரும் புத்தகத்தைத்தான் பார்த்துப் பேசினார்கள். ஒருவர்கூட அம்மு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

அப்போது அம்மு எழுந்தாள். “நீங்க ஆரும் கடைசி வரைக்கும் வாசிக்கல்லையா? அம்மா திரிச்சு வந்தாச்சே! நம்ம ஜெட்டியிலதான் எறங்கினா!” என்றாள். பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். “எந்தப் புஸ்தகத்திலடி?” என்று ஒருத்தி கேட்டாள். செக்ரட்டரி காளிமுத்து சேட்டன் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. மலையாளப் பிரதியின் கடைசிப் பக்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நின்றபடியே வாசித்தாள். மெதுவாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சுள்ளிக்கல் முதல் வைப்பின் வரை என்னை மிஞ்சிய புளுகன் கிடையாது, உனக்குத் தெரியும். அன்றைக்கு நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

திட்டியிருந்தால் தேவலை. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: “மாமா, ஞாயித்துக்கெழமை தோறும் அம்மா போன்ல விளிக்குதுன்னு சொன்னீங்களே. நான் டியூஷன் போற நேரம் பார்த்து விளிக்குதுன்னு. அதும் நீங்க உண்டாக்கினதா?”

அக்கா, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஞாயிறாக அவளிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். நீ ஒட்டகத்தில் ஏறிக் கறிவேப்பிலை வாங்கப் போனாய் என்றேன். அந்த வீட்டு அம்மா உன் சாம்பாரைக் குடித்துவிட்டுத் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றேன். நீ அம்முவின் கணக்கு மார்க்கைக் கேட்டு அழுதாய் என்றேன். அம்மு ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் கேட்டபோது எனக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. சமையலறையில் மஞ்சுஷா குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள். நான் அவள் தோளிலிருந்து பையை இறக்கிவைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

அதிலிருந்துதான் பேச்சில்லை. நேற்று மஞ்சுஷா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாசித்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வாசகசாலை வழக்கம். அம்மு மலையாளத்தில் எழுதியது அது. அவள் கையெழுத்திலேயே இதோடு வைத்திருக்கிறேன். நீயே வாசிப்பாய். இருந்தாலும் தமிழில் சொல்கிறேன், என் சரக்கு ஒரு சொல்கூடச் சேர்க்காமல்:

“இந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது. நண்டரசனுக்குப் பத்துக் கால் போதும். அம்மா கெட்டவள் என்று ஜிதின் சேட்டன் சொன்னார். அம்மா பாவம் என்று மாயம்மாள் பாட்டி சொன்னார். ஆனால் அம்மா அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். சாப்பிட்டிருந்தால் மறந்திருப்பாள். சாப்பிடவில்லை என்றால், திரும்பிப் பார்க்க யாரோ அவளை விடவில்லை. இரண்டும் ஒன்றல்ல. பூவி உள்ளே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் திரும்பி வந்தது தப்பு. இந்த ஒரு குறைதான்.”

ஐம்பது வருடமாக வாசிக்கிற கூட்டத்தில் இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எழுபத்துமூன்று நாளும் நான் வேடிக்கை சொல்லியே ஓட்டிவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். அங்கே உனக்கென்று வேறொரு வாழ்க்கை அமைந்து, எங்களை நினைக்க நேரமில்லாமல் போயிருந்தால், சொல்லிவிடு. இரண்டு நாள் கோபப்படுவேன், பிறகு பழகிக்கொள்வேன். அத்தான் தவறிய பிறகு நீ பட்டதை நான் பார்த்தவன். அப்படியில்லை, போனை வாங்கி வைத்திருக்கிறார்கள், கதவைப் பூட்டுகிறார்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால், ஒரு வார்த்தை போதும். எழுத வழியில்லாவிட்டால் வெங்கிடேஷைப் பார்த்துத் தலையை ஆட்டு. எர்ணாகுளத்தில் எத்தனை ஆபீஸ் உண்டோ அத்தனை படியும் ஏறுகிறேன். இதில் மிகைப்படுத்தல் கிடையாது. கடிதத்தை வாசல் காவல்காரன் கையில் கொடுக்கக் கூடாது, உன்னைக் கண்ணால் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மாயம்மாள் அத்தையும் அவனை மிரட்டி வைத்திருக்கிறாள்.

அம்முவுக்குத் தனியாக ஒரு வரி எழுது. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, உள்ளதை எழுது. அதை மலையாளத்தில் எழுது அக்கா. தமிழில் எழுதினால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டிவரும். என் வாசிப்பை அவள் இனி நம்பமாட்டாள், நம்பவும் கூடாது.

தம்பி அக்காவுக்கு ஆசி சொல்லும் முறை இல்லை. முறை தப்பினாலும் பரவாயில்லை. நீ உயிரோடும் உடம்போடும் நன்றாக இரு. இருக்கிறாய் என்று உன் கையால் எழுது.

உன் தம்பி,
இசக்கிதுரை