நீங்கள் துடைத்த நீலப் பொடி

சிஸ்டர்,

இன்சுலின் குப்பியின் வாடை எனக்குக் குமட்டுகிறது. இப்போது எனக்கும் சர்க்கரை. தினமும் காலையில் ஊசி குத்திக்கொள்ளும்போது, அந்த வாடையோடு என்மேலேயே ஓர் அருவருப்பு கிளம்புகிறது.

எழுபதுகளில், என் அண்ணாவின் பைபாஸ் ஆபரேஷனுக்கு முந்தின நாள் அது. தாம்பரத்தில் மாணவர்களுக்குக் கெமிஸ்ட்ரி பாடம் நடத்தி முடித்து, கைகூடக் கழுவாமல் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து உங்கள் வார்டுக்கு வந்தேன். சர்க்கரை நோயால் காபியில்கூடச் சர்க்கரை போடாத அண்ணாவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பதறிக் கேட்டேன்.

"நாளைக்கு ஆபரேஷன்ல கொஞ்ச நேரம் ஹார்ட்டுக்கு ரத்தம் நிக்கும் சார். அது பட்டினியில தவிக்கக் கூடாதுன்னு இப்பவே சாப்பாடு ஏத்தி வைக்கிறோம். சர்க்கரை ஏறாம இருக்க இன்சுலின், கூடவே பொட்டாசியம், எல்லாம் கலந்துதான் இருக்கு" என்றீர்கள்.

தலையாட்டினேன். ஒரு நர்ஸ் எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தருவதா என்ற திமிர். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் டியூபிலிருந்த கிளிப்பை இறுக்கி மூடிவிட்டேன். அண்ணாவைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு.

பெரிய டாக்டர் வந்தபோது பாட்டில் அப்படியே இருந்தது. "தூங்கிட்டிருந்தியாம்மா? உன்னால ஒரு உசுரு போயிருக்கும்!" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. நீங்கள் குனிந்து கிளிப்பைப் பார்த்தீர்கள், கைக்குட்டையால் எதையோ துடைத்தீர்கள், "சாரி டாக்டர்" என்றீர்கள். நான் அண்ணாவின் போர்வையைச் சரிசெய்வதுபோல நின்றேன். தூ! என்ன மனுஷன் நான்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்துச் செய்தார்கள், அண்ணா பிழைத்தார். இதய வார்டுக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்திருந்த உங்களைக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தாம்பரம் பிளாட்பாரத்தில் நீங்களாகவே வந்து அண்ணாவை விசாரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளிப்புல நீல சாக்பீஸ் பொடி இருந்துச்சு சார். டாக்டர் கண்ணுல படறதுக்குள்ள துடைச்சுட்டேன். உங்களை வெளியே அனுப்பியிருந்தா அண்ணா பயந்திருப்பார்" என்றீர்கள்.

மன்னிப்பு தொண்டைவரை வந்தது. வாயில் வந்ததோ, "வண்டி வந்துடுச்சு சிஸ்டர்."

அதற்கப்புறம் எத்தனை வருஷம் அதே பிளாட்பாரத்தில் உங்களுக்கு வணக்கம் சொன்னேன்! அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நேற்று உங்கள் நினைவு ஜெபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா உங்களைப் பத்தி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவாங்க சார்."

அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன், சிஸ்டர்.