டிராக்டர் எங்களுக்கு, ரொட்டவேட்டர் அவர்களுக்கு

செப். 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து புழுக்கம். மேகம் திரள்வதும் கலைவதுமாக. மழை இல்லை.

இந்த டைரி சிவகாசி பிரஸ்ஸில் கழித்துப் போட்டது. செப்டம்பர் முழுக்கத் தலைகீழாகத் தைத்திருக்கிறார்கள். ஓசி டைரிக்கு இது போதும்.

கொய்யாத் தோட்டத்தில் கோரை முழங்கால் உயரம். களை எடுக்க ஆள் கிடையாது. தீபாவளி சீசன். விடியுமுன்னே பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து எங்கள் ஆமத்தூரையே அள்ளிக்கொண்டு போகின்றன. பெரிய டிராக்டர் மர வரிசைக்குள் நுழையாது. எங்கள் சின்ன டிராக்டர் நுழையும், ஆனால் ஓடாது. கொட்டகையில் கோழி அடைகிறது அதில்.

நேற்றுப் புரோக்கர் வந்திருந்தார். பட்டாசுக் கம்பெனிக்கு குடோன் கட்ட இடம் வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். நான் முடியாது என்றேன். ஒவ்வொரு கொய்யாவும் நான் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது. பத்து மாதம் சுமந்த பிள்ளையையே கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று, இதையாவது விடுங்கள் என்றேன். இவர் புரோக்கர் முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "தீவாளிக்குள்ள அந்த டிராக்டரை உழவு ஓட்டிக் காட்டு. நிலத்தை விக்கலை. ஓடலைன்னா அதுக்கப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

சரி என்றேன். ரோஷம் வந்துவிட்டது.

செப். 25, திங்கள்

அரிசி ஊறவைக்க வேண்டும். தேங்காய் வாங்க வேண்டும். கரண்ட் இல்லை.

டிராக்டரை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் சொத்தைப் பாகம் பிரித்த நாள் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. எல்லாம் இவருடைய தாய்மாமா செய்த வேலை. டிராக்டர் அண்ணனுக்கு, பின்னால் மாட்டி உழுகிற ரொட்டவேட்டரும் டிரெய்லரும் தம்பிக்கு. ஒருத்தனிடம் இருப்பது இன்னொருத்தன் இல்லாமல் உதவாது, அதனால் ஒற்றுமையாக இருப்பார்களாம். என்னே மூளை! இரண்டையும் சேர்க்கிற ஷாஃப்ட் யாருக்கு என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அது டிராக்டர் பாகமா, ரொட்டவேட்டர் பாகமா? கைகலப்பு வரை போயிற்று. மறுநாள் ஷாஃப்டையே காணோம். இவர் நடுத்தெருவில் நின்று தம்பியைத் திருட்டுப்பயலே என்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மூன்று வருஷம். தோட்டத்துக்கு நடுவில் வேலி. கிணறு மட்டும் பொது.

செப். 26, செவ்வாய்

மெக்கானிக் பரமசிவம் வந்து பார்த்தார். வேண்டியவை: பேட்டரி. ஃபேன் பெல்ட். டீசல் ஃபில்டர். முன் சக்கர டியூப். எஞ்சின் பழுதில்லையாம், ஜப்பான்காரன் சாமான் என்று தட்டிக்கொடுத்தார். ரொட்டவேட்டர் திருத்தங்கலில் வாடகைக்குக் கிடைக்குமாம். ஆனால் அவர்கள் ஷாஃப்ட் இதற்குப் பல் சேராது. இதற்கென்று உள்ளதுதான் வேண்டும், பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள் என்றார்.

இவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாஃப்ட் என்ற பேச்சு வந்ததும் எழுந்து வெளியே போனார். போகட்டும்.

செப். 28, வியாழன்

விருதுநகர். பஸ்ஸில் நின்றுகொண்டே. பேட்டரி, பெல்ட், ஃபில்டர், டியூப் ஆயிற்று.

அதன் பெயர் கார்டன் ஷாஃப்ட் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். கடையில் "தோட்டத்துக்குப் போடுற ஷாஃப்ட் இருக்கா" என்று கேட்டேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அது வேறு கார்டனாம், தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம், லாரியில் இருப்பதற்கும் அதே பெயர்தானாம். சிரித்து முடித்து, வீட்டில் ஆம்பளையாள் இருந்தால் அனுப்புங்கள் என்றார். இருக்கிறார், வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. நான்கு கடை. எங்கும் இல்லை.

கால் வீக்கம். ஒத்தடம்.

அக். 1, ஞாயிறு

ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல். இவர் டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார். ஓடாத வண்டிக்கு மாலை. பிணத்துக்கும் போடுவார்கள் என்றேன். நல்ல நாளில் வாயைப் பார் என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி மாரி, ரொட்டவேட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். ஒரு சாமி, இரண்டு சூடம். என்னைப் பார்த்தாள். நான் பார்க்காதது மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

அக். 4, புதன்

மதுரை. காலை பஸ், இருட்டித் திரும்பினேன். பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. ஒரே ஒரு இடத்தில் ஷாஃப்ட் இருந்தது, பெரிய டிராக்டருடையது. பட்டறையில் கடைந்து தரலாமாம், தீபாவளிக்குப் பிறகு. தீபாவளிக்குப் பிறகு யாருக்கு வேண்டும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர்: "நான்தான் அப்பவே சொன்னேன்ல. அதெல்லாம் கிடைக்காது."

சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. அழுதேன். தண்ணீர் காயவைத்துக் குளித்தேன். இரண்டு இட்லி.

அக். 8, ஞாயிறு

இருக்கன்குடி. வழி தெரியாதபோது மாரியம்மன்தான். நல்ல கூட்டம். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பக்கத்தில் யார் என்று பார்த்தால் ஓரகத்தி. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"அக்கா, மதுரைக்கெல்லாம் அலையிறீகளாம்ல. அலையாதீக. அது நம்ம கிணத்துக்குள்ளதான் கெடக்கு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். சண்டை நடந்த மறுநாள் விடியற்காலம் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். இவர் ஷாஃப்டைத் தோளில் தூக்கி வந்து கிணற்றுக்குள் போட்டதைப் பார்த்திருக்கிறாள். தம்பிக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் புருஷனிடம் சொன்னாளாம். கொழுந்தன், வெளியே சொல்லாதே, என்னைத் திருடன் என்றால் நான் தாங்குவேன், அண்ணனை ஊர் சிரித்தால் அண்ணன் தாங்க மாட்டார் என்றாராம்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?"

சாத்தூர் வந்தது. ஆளுக்கொரு வெள்ளரிக்காய் வாங்கினோம்.

அக். 9, திங்கள்

தூக்கமே இல்லை. பக்கத்தில் குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க வெறி வந்தது.

காலையில் மாரி பாதாளக்கரண்டி கொண்டுவந்தாள். வாளி விழுந்தால் எடுக்கிற கொக்கிதான். கிணற்றில் தண்ணீர் குறைவு, நல்லதாயிற்று. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதலில் வந்தது ஒரு செப்புக்குடம், யாருடையதோ. அடுத்து ஒரு சைக்கிள் செயின். வெயில் ஏறி, கை காய்த்துப்போன பிறகு கனமாக ஒன்று மாட்டியது. இழுத்துப் போட்டோம். துருவும் பாசியுமாக ஷாஃப்ட்.

இழுத்து வந்து இவர் கட்டிலுக்கு முன்னால் போட்டேன். எழுந்து உட்கார்ந்தார். பார்த்தார்.

"யாரு சொன்னா?"

அதுதான் முதல் வார்த்தை. தப்புச் செய்துவிட்டேன் என்றில்லை. உன்னை இப்படி அலையவிட்டேனே என்றில்லை. யாரு சொன்னா.

"கிணத்துல கெடக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எந்த நெஞ்சோட ஓட்டிக் காட்டுன்னு சொன்னீக?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மனுஷன் இவ்வளவு கேவலமாக இருப்பானா? நான் இந்த ஆளுக்குத்தான் இத்தனை வருஷம் மீன் குழம்பில் நடுத்துண்டு எடுத்து வைத்தேன்.

அக். 11, புதன்

பரமசிவம் ஷாஃப்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, இரண்டு முனையிலும் மூட்டில் இருக்கிற கிராஸை மாற்றினார். பழைய ஜீப் கிராஸ் சேர்ந்துவிட்டது. எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. கோழிகள் தெறித்து ஓடின.

இவரோடு பேச்சில்லை. சோறு மட்டும் எடுத்து வைக்கிறேன். பொரியல் இல்லை.

அக். 15, ஞாயிறு

நேற்று நல்ல தூறல். மண் பதம். காலையிலேயே கொழுந்தன் வேலியை ஓரிடத்தில் பிரித்து ரொட்டவேட்டரைக் கொண்டுவந்துவிட்டார். கேட்கவே இல்லை நான். ஷாஃப்டை அவரே மாட்டி, போல்ட் முறுக்கி, ஏறி உட்கார்ந்தார். "மதினி, மொதல்ல உங்களது" என்று மட்டும் சொன்னார். மூன்று வருஷத்துக்குப் பிறகு மதினி.

இரண்டு வரிசை முடியும்போது புரோக்கர் பைக்கில் வந்து இறங்கினார். டிராக்டர் சத்தம் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

காபி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்:

"நெலம் விக்கிறதா இல்லைங்க. களவாண்ட சாமானைத் தம்பி திருப்பிக் குடுத்துட்டான். நானும் போனாப் போகுதுன்னு மன்னிச்சு விட்டுட்டேன்."

நிலம் தப்பியது. வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். டம்ளரைப் புரோக்கர் கையில் கொடுத்தேன்.

"கிணத்துல கெடந்துச்சுங்க. போட்டது இவுக. எடுத்தது நானும் என் ஓரகத்தியும்."

புரோக்கர் காபியைக் குடிக்கவில்லை. இவர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். கொழுந்தனுக்கும் மாரிக்கும் சேர்த்து உலை வைத்திருக்கிறேன். இவர் சாப்பிடுவாரா தெரியாது. கூப்பிடப் போவதில்லை.