இந்த லெந்துக்கு நான் விட்டது

திருநெல்வேலி
பங்குனி 1993

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு, சுகிர்தம் எழுதுவது. கிளிநொச்சியில் வீட்டில் எல்லாரும் சுகமோ? உங்கடை இருமல் குறைந்ததோ? இங்கை பல்கலைக்கழக மாணவர் விடுதிச் சமையலில் எனக்கொரு குறையுமில்லை.

நேற்று லெந்து ஆராதனையில் கண்ணை மூட, எங்கள் இரண்டுபேருக்கும் நடுவிலை கிடக்கிற கிளாலிக் கடல் பால்போலத் தெரிந்தது. நீங்கள் வள்ளத்தில் வந்துகொண்டிருந்தீர்கள். என்னோடு சமைக்கிற சீலாக்கா கிள்ளி, "ஆமென் சொல்லியாச்சு, எழும்படி!" என்றா.

நெஞ்சு முழுக்க நீங்கள் இருந்தால் கர்த்தர் எங்கை இருப்பார்? நோன்புக்குச் சீனியை விட்டது லேசு. உயிர்த்த ஞாயிறுக்கு வாங்கோ என்று கேட்கிறதையும் விட்டுவிட்டன். கடலில் நேவிக்காரர் வள்ளங்களுக்குச் சுடுகினமாம், வரவேண்டாம். அந்த ஆசை இருந்த இடத்தில் அவர் வந்து இருக்கட்டும்.

கடிதம் கொண்டுவாறவரிட்டை உங்கடை நீலச் சேட்டைக் குடுத்துவிடுங்கோ, கழுத்தடியிலை கழன்ற தெறியைத் தைக்கவேணும். தோய்க்கவேண்டாம், போட்டுக் கழட்டினபடி அப்பிடியே குடுங்கோ. அவர் வாசலில் நிக்கிறார், முடிக்கிறன்.

சுகிர்தம்