இரண்டாம் எஞ்சினியர்

லிங்கநகர், திருகோணமலை
12.01.2025

அன்புள்ள அஞ்சலோவுக்கு,

இறைவன் அருளால் நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டையில் முடிகிறது. அதனால்தான் உங்கள் சிங்கப்பூர் கப்பல் ஏஜென்சி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

சீனக்குடாவில் புதிதாகத் தொடங்கிய கப்பல் கட்டும் தளத்தில் நான் வெல்டிங் பரிசோதகர் இப்போது. எழுபது மீற்றர் சரக்குக் கப்பல் ஒன்று கட்டுகிறோம். காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் சீமெந்தும் மாவும் ஏற்றப் போகிறது. புயல், வெள்ளம் என்றால் கடற்படைக்கு நிவாரணக் கப்பல். அதனால் எஞ்சின் அறையில் பாதிப்பேர் கடற்படை ஆட்கள். உலகத்துக் கப்பலெல்லாம் எங்கள் கரையை ஒட்டிப் போகின்றன. எங்கள் கொடியோடு போகிறவை கொஞ்சம்தான். இதைப்போல ஆறு கட்டத் திட்டம். முதலாவது ஒழுங்காக ஓடினால்தான் மற்ற ஐந்தும்.

தலைமை எஞ்சினியர்தான் இல்லை. சான்றிதழ் உள்ள எங்கள் ஆட்கள் எல்லோரும் உங்களைப்போல வெளிநாட்டுக் கப்பல்களில். மனேஜர் பாக்கியரத்தினம், "உங்கட அவரைக் கேட்டுப் பாருங்கோவன்" என்றார். கேட்கிறேன். மனைவியாக அல்ல, தளத்தின் சார்பில்.

நான்கு வருடமாக நீங்கள் வீட்டுக்கு வராததைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன்.

இப்படிக்கு,
ஞானமலர்


சிங்கப்பூர்
20.02.2025

அன்பின் மலருக்கு,

சிட்டகொங் போய்த் திரும்பியபோது உமது கடிதம் காத்திருந்தது. கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ கடும் சுகயீனம் என்று பயந்துவிட்டேன்.

தளத்துக்கு என் பதில்: ஏலாது. காரணம் உமக்குத் தெரியும். யுத்த நேரத்தில் என் தம்பி யோசேப்பின் மீன்பிடி வள்ளம் நிலாவெளிக்கு வெளியே மிதந்து வந்தபோது அதில் பதினொரு சூட்டு ஓட்டைகள். அவன் வரவேயில்லை. சுட்டது யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் சீருடை போட்ட எவரைக் கண்டாலும் எனக்கு அந்த ஓட்டைகள் தெரிகின்றன. அவர்களோடு ஒரே எஞ்சின் அறையில் எப்படி நிற்பேன்?

சிங்கப்பூருக்கு வாரும் என்று எத்தனை தரம் கேட்டேன். "ஏன் வரவேணும், கடல் இங்கயும் இருக்குதானே" என்றீர். அந்தக் கடலைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
அஞ்சலோ


லிங்கநகர்
04.04.2025

அன்புள்ள அஞ்சலோவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். யோசேப்புக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன்.

இங்கே போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். கப்பலைத் தண்ணீரில் இறக்க நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சடித்தாயிற்று. பின்பக்க அடித்தகட்டில் நான் கருவி வைத்துப் பார்த்தால், வெல்டிங்குக்குள்ளே வெடிப்பு. ஒரு இடத்தில் இல்லை, இருபத்தாறு மீற்றர் நீளத்துக்கு. வெளியே பார்த்தால் கண்ணாடி போல வழவழப்பு. கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். பாக்கியரத்தினம் எல்லோருக்கும் முன்னால் கத்தினார்: "ஆறு கப்பலையும் நீங்கள் ஒராள் நிப்பாட்டப் போறீங்களோ?"

பயத்தோடுதான் கருவியை அவரிடம் நீட்டினேன். அப்போது ரணவீர என்ற கடற்படை மெக்கானிக் முன்னுக்கு வந்து உடைந்த தமிழில், "மிஸ் சொல்றது சரி சேர். இந்த வெல்டிங்கோட நான் கடலுக்குப் போறேல்ல" என்றார். பிறகு அவரும் அவருடைய ஆட்களும் எங்கள் வெல்டர்மாரோடு நின்று, ஒன்பது நாள் வெயிலில் அத்தனையையும் வெட்டியெடுத்துத் திரும்பப் போட்டார்கள்.

அவரை உங்களுக்குப் பிடிக்க வேண்டுமென்று எழுதவில்லை. நடந்ததை எழுதினேன்.

ஞானமலர்


சிங்கப்பூர்
05.05.2025

அன்பின் மலருக்கு,

நீர் செய்ததுதான் சரி. அந்த வெடிப்போடு வாடைக்காற்றில் போயிருந்தால் கப்பல் பருத்தித்துறை தாண்டியிராது. அந்தப் பயத்திலும் நீர் பின்வாங்கவில்லை என்பதை இங்கே இருக்கிறவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். நாலு வருடத்துக்குப் பிறகு என் மனைவி என்று வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த ரணவீரவுக்கு எத்தனை வயது?

இன்னும் ஆள் கிடைக்கவில்லையென்றால், ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிந்ததும் யோசிக்கிறேன்.

அஞ்சலோ


லிங்கநகர்
02.06.2025

அன்புள்ள அஞ்சலோவுக்கு,

ரணவீரவுக்கு நாற்பத்தொன்று. ஏன் கேட்டீர்கள் என்று விளங்குகிறது. யோசேப்பு கடலில் காணாமற்போன அந்த வருடம் அவரும் இருபத்திரண்டு வயதுப் பொடியன்.

கப்பல் போன மாதம் தண்ணீரில் இறங்கியது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. இறங்கும்போது பாக்கியரத்தினம் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, தன் குடையை என் பக்கம் பிடித்தார்.

தலைமை எஞ்சினியர் கிடைத்துவிட்டார். கிண்ணியாவைச் சேர்ந்த சுஹைரா என்ற பெண், முப்பத்துநான்கு வயது. எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக இருந்து இப்போதுதான் மேல் சான்றிதழ் எடுத்தவர். ஒக்டோபர் வரைக்கும் கப்பல் காத்திருக்காது. நானும் எவ்வளவோ காத்திருந்துவிட்டேன், அஞ்சலோ.

இப்போது சுஹைராவுக்குக் கீழே இரண்டாம் எஞ்சினியர் இடம் மட்டும் காலி. பத்து வருடம் தலைமையில் இருந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. கேட்கவில்லை.

ஞானமலர்


சிங்கப்பூர்
10.07.2025

அன்பின் மலருக்கு,

நீர் கேட்காததால் நானே கேட்டுவிட்டேன். சுஹைராவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணன், நான் சொன்னாச் செய்வீங்களா?" என்றார்.

"ஓம்."

"நேவி ஆக்களோட?"

"வேலை செய்வன். கதைக்கக் கொஞ்ச நாள் எடுக்கும்."

"அது போதும். ஜூலை நடுவுக்குள்ள வரவேணும் எண்டு இருந்தம், பரவாயில்ல, ஓகஸ்ட் ரெண்டாம் திகதி வாங்க."

என் கப்டன் ஒப்பந்தத்தை முன்னரே முடித்துத் தந்தார். பைத்தியமா என்று கேட்டார். இத்தனை வருடமாக மற்ற நாடுகளின் எஞ்சினை ஓட்டினேன், ஒன்று எங்களுடையதாக இருக்கட்டும் என்றேன். யோசேப்பை நான் மறக்கப் போவதில்லை. ரணவீரவிடம் ஒரு நாள் அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எழுதும். நான் எங்கே தங்குவது, கப்பலிலா, வேறெங்காவதா? நீர் சொல்கிறபடி.

அன்புடன்,
அஞ்சலோ


லிங்கநகர்
23.07.2025

அன்புள்ள அஞ்சலோவுக்கு,

கப்பலில் ஆட்கள் தங்கும் அறைகளுக்கு இன்னும் கதவு பொருத்தவில்லை. ஆகவே வீட்டுக்கு வாருங்கள். கதவு பொருத்திய பிறகும் வீட்டில்தான்.

ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி காலை கடல் சோதனை. வெல்டிங் பார்க்க நானும் உங்களோடு வருகிறேன்.

உங்கள்,
மலர்